பெதெஸ்டா நிலவறையின் பாஞ்சோ கலைஞருக்கு

மதிப்பிற்குரிய பென் எல்ட்ரிட்ஜ் அவர்களுக்கு,

வணக்கம். 2024 ஏப்ரலில் நீங்கள் மறைந்துவிட்டதால் இக்கடிதம் உங்கள் கைக்கு வரப்போவதில்லை. ஆயினும் நீங்கள் பாஞ்சோ வாசித்த ‘செல்டம் சீன்’ இசைக்குழு என்றதும் என் போன்ற ரசிகர்களுக்கு ஜான் டஃபியின் உச்சக்குரலும் மைக் ஆல்ட்ரிட்ஜின் டோப்ரோ கிடாரும் முதலில் நினைவுக்கு வருகின்றன. அவர்கள் வாரந்தோறும் கூடுவதற்குத் தம் வீட்டு நிலவறையைத் திறந்துவைத்தவரின் பெயர் பிறகுதான் வருகிறது. அது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆகவே உங்களை விளித்தே எழுதுகிறேன்.

பாஞ்சோ, மாண்டலின் போன்ற தந்திக்கருவிகளோடு பாடும் அமெரிக்க நாட்டுப்புற இசையான புளூகிராஸை மலையடிவாரக் கிராமங்களின் இசை என்று எண்ணுகிறவர்களுக்கு, அமெரிக்கத் தலைநகரை ஒட்டிய பெதெஸ்டாவில் இப்படியொரு குழு தோன்றியது வியப்பாக இருக்கலாம். அப்பலாச்சிய மலைப்பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் குடிபெயர்ந்தவர்கள் தங்கள் பாட்டையும் உடன் கொண்டுவந்தார்கள். 1957-இல் சார்லி வாலரும் டஃபியும் பில் எமர்சனும் அங்கே ‘கன்ட்ரி ஜென்டில்மென்’ குழுவைத் தொடங்கினார்கள். 1966-இல் இந்த இசைக்கென்றே ‘புளூகிராஸ் அன்லிமிடெட்’ இதழ் அப்பகுதியிலிருந்து வெளிவரத் தொடங்கியது. நீங்கள் ஐவரும் கூடுவதற்கு முன்பே அந்நகரில் கேட்கத் தெரிந்த காதுகள் இருந்தன.

1971-இல் உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் யார் யார் என்று பார்த்தால்தான் அந்தக் குழுவின் இயல்பு புலப்படுகிறது. நீங்கள் கணிதவியலாளர். ஜான் ஸ்டார்லிங் ராணுவ அறுவை மருத்துவர். டாம் கிரே நேஷனல் ஜியோகிரஃபிக்கில் வரைபடம் வரைபவர். மைக் செய்தித்தாள் ஒன்றில் ஓவியர். 1969-இல் ‘கன்ட்ரி ஜென்டில்மென்’ குழுவை விட்டு விலகி, ஊர் ஊராக அலைவதே வேண்டாம் என்றிருந்த டஃபி, இசைக்கருவிகளைப் பழுதுபார்த்து வந்தார். நீங்களும் மைக்கும் அதற்கு முன் கிளிஃப் வால்ட்ரனின் குழுவில் வாசித்தவர்கள். அவர் முழுநேரக் கச்சேரிப் பயணம் என்று முடிவெடுத்தபோது, வேலையை விட முடியாத நீங்கள் இருவரும் பிரிந்து வந்தீர்கள். எனவே வாரத்தில் ஓர் இரவு வாசிப்பது, கச்சேரிக்காக எவரும் வேலையை விடுவதில்லை என்ற ஏற்பாடு உங்களுக்குள் இயல்பாகவே அமைந்திருக்க வேண்டும். இப்படி எப்போதாவதுதான் மேடையேறப்போகும் குழுவைக் கேலி செய்து, ‘அரிதாகவே காணப்படுவது’ என்ற பொருள்பட ‘செல்டம் சீன்’ என்று சார்லி வாலர் சொன்னதே அதன் பெயராகவும் நிலைத்தது.

இந்த ஏற்பாட்டை ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று குறைத்துப் பேசுவதை என்னால் ஏற்க முடியாது. பிழைப்புக்காக வாசிக்கும் குழு, ஊருக்கு ஊர் மாறும் கூட்டம் எதிர்பார்ப்பதையே திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 1972 தொடக்கத்திலிருந்து பெதெஸ்டாவின் சிறிய ‘ரெட் ஃபாக்ஸ் இன்’ விடுதியில் வாரந்தோறும் வாசித்தீர்கள். கேட்பவர்கள் உங்களைத் தேடி வந்தார்கள். வந்தவர்களே மறுவாரமும் வரும்போது, பழைய பாட்டையே அதேபோல் வாசித்துவிட்டுப் போக முடியாது. நாட்டுப்புறப் பாடல்களுக்கும் பக்திப் பாடல்களுக்கும் நடுவே, புளூகிராஸுக்கு வெளியே இருந்த ஜேம்ஸ் டெய்லரின் பாட்டையும் ரிக்கி நெல்சன் பாடிப் புகழ்பெற்ற பாட்டையும் நீங்கள் எடுத்துக்கொண்ட துணிச்சல் அந்தச் சிறிய கூடத்தில் வளர்ந்தது என்றே நான் நம்புகிறேன். பிறகு வர்ஜீனியாவின் ‘பர்ச்மியர்’ அரங்கில் வியாழக்கிழமைதோறும் வாசித்தபோதும் இதே வழக்கம்தான் தொடர்ந்தது.

மைக்கின் டோப்ரோவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மடியில் கிடத்தி, தந்திகளின் மேல் உலோகக் கட்டையை நகர்த்தி வாசிக்கும் அக்கருவியை நம் கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய காதுகள் உடனே அடையாளம் கண்டுகொள்ளும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் குழைவு இரண்டிலும் உண்டு. மைக்கின் மாமா எல்ஸ்வொர்த் கசன்ஸ் 1920-களிலேயே கன்ட்ரி இசைப் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸின் இசைத்தட்டுகளில் வாசித்தவர். புளூகிராஸில் வயலினுக்கு உரிய இடம் பெரியது. உங்கள் ஐவரிடம் அது இல்லை. நீண்டு இழையும் நாதம் முழுவதையும் டோப்ரோவே சுமந்தது. அதனால்தான் உங்கள் இசையில் மற்றக் குழுக்களிடம் கேட்கும் முரட்டு வேகம் தணிந்து, ஸ்டார்லிங்கின் மென்மையான குரலுக்கு இடம் கிடைத்தது. ஓபரா பாடகரின் மகனான டஃபி அந்த மென்மைக்கு மேலே தம் குரலை வீசியெறியும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

1972-இல் வந்த ‘ஆக்ட் ஒன்’ இசைத்தட்டையும், 1974 டிசம்பரில் ஜார்ஜ்டவுனின் ‘செல்லார் டோர்’ அரங்கில் பதிவான கச்சேரியையும் அடுத்தடுத்துக் கேட்பது என் வழக்கம். முதலாவதில் எல்லாம் அளந்து வைத்ததுபோல் இருக்கும். கச்சேரிப் பதிவில் டஃபி கூட்டத்தோடு பேசுகிறார், சீண்டுகிறார். ஐவரும் ஒருவர் மூச்சை மற்றவர் அறிந்து வாசிக்கிறார்கள். வாரந்தோறும் ஒரே இடத்தில் கூடியதன் பலனை அங்கே கேட்க முடிகிறது. எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான்.

இரண்டிலும் நான் தேடிக் கேட்பது உங்கள் பாஞ்சோவை. ஏர்ல் ஸ்க்ரக்ஸ் வகுத்த மூவிரல் முறையில் ஓயாமல் முன்னே பாய்வது எளிது. பாடுபவரின் சொல் முடியும்வரை ஒலியைத் தாழ்த்தி, இடைவெளி வந்ததும் இரண்டே சொற்கட்டில் அதை நிரப்பிவிட்டு விலகுவது அரிது. நீங்கள் அதைச் செய்தீர்கள். 1977-இல் ஸ்டார்லிங் விலகினார். 1996-இல் டஃபி மறைந்தார். ஒவ்வொரு முறையும் புதியவர்களுக்கு இடம் கொடுத்து, 2016 வரை நீங்கள் அக்குழுவிலேயே இருந்தீர்கள். உங்கள் மகன் கிறிஸ் இன்று ‘பஞ்ச் பிரதர்ஸ்’ குழுவில் கிடார் வாசிக்கிறார்.

உங்களிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருந்தது. மேடையே வேண்டாம் என்றிருந்த டஃபி தம் மாண்டலினுடன் உங்கள் நிலவறைக்கு முதன்முதலில் வந்த இரவில், நீங்கள் அவருக்கு எந்தப் பாட்டை வாசித்துக் காட்டினீர்கள்?

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் ரசிகர்களில் ஒருவர்