இதய வார்டு சிஸ்டர்களுக்கு நன்றி

இதய வார்டில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட செவிலியர்கள் அனைவருக்கும் வணக்கம். வீடு வந்து சேர்ந்துவிட்டோம், அம்மா நலம். கிளம்பும் அவசரத்தில் உங்களிடம் சரியாக நன்றி சொல்ல முடியவில்லை.

இதயச் செயலிழப்புக்காக அம்மாவுக்கு டிகாக்ஸினும், உடம்பில் சேர்ந்த நீர் இறங்க ஃபியூரோசமைடும் கொடுத்தார்கள். மூச்சுத்திணறல் குறைந்தது. ஆனால் சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல், ஒரே சோர்வு. வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும் என்று பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். காலை டியூட்டி சிஸ்டர் அதை ஏற்கவில்லை. குமட்டல் எப்போது ஆரம்பித்தது, கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறதா, சிறுநீர் எவ்வளவு போகிறது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அப்புறம், "அம்மா, லைட்டைப் பார்த்தா மஞ்சளாத் தெரியுதா? சுத்தி வளையம் மாதிரி இருக்கா?" என்றார். இருக்கிறதாம்! கண்புரை என்று நினைத்து அம்மா யாரிடமும் மூச்சுவிடவில்லை.

உடனே நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணினார். துடிப்பு 60-க்கும் கீழே. அந்த வேளை டிகாக்ஸின் மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டருக்குப் போன் செய்தார். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது, டிகாக்ஸின் அளவு கூடியிருந்தது. நீர் பிரிய வைக்கும் மருந்து பொட்டாசியத்தையும் வெளியேற்றிவிடும், அது குறைந்தால் டிகாக்ஸின் நஞ்சாகும் வாய்ப்பு அதிகம் என்று பிறகு எங்களுக்குப் புரியும்படி விளக்கியதும் அவரேதான். மஞ்சள் பார்வையைப் பற்றி அவர் கேட்காமல் இருந்திருந்தால் அம்மா சொல்லியிருக்கவே மாட்டார். போனில் சொன்னதை மதித்து உடனே வந்த டாக்டருக்கும் நன்றி.

இரவு சிஸ்டர் படுக்கவைத்து ஒரு முறை, நிற்கவைத்து ஒரு முறை பிரஷர் பார்ப்பார். "இந்தப் பொண்ணு தூங்கவே விடமாட்டேங்குது" என்று அம்மாவுக்குக் கோபம். எழுந்து நின்றதும் பிரஷரின் மேல் அளவு 20 புள்ளிக்கு மேல் குறைந்துபோனதைக் கண்டுபிடித்தது அந்தப் பெண்தான். அதன்பிறகு கட்டில் ஓரம் சற்று உட்காராமல், மணி அடித்துத் துணைக்கு ஆள் வராமல், அம்மா பாத்ரூம் போனதில்லை.

ஆய்வகத்தினருக்கும் மருந்தாளருக்கும் நன்றி. மணிக்கட்டில் நாடி பார்க்கச் சொல்லிக்கொடுத்த பயிற்சி மாணவிக்குத் தனியாக ஒரு நன்றி. டிகாக்ஸின் இப்போது குறைந்த அளவில் போகிறது. தினமும் மாத்திரைக்கு முன் நாடியை எண்ணி எழுதி வைக்கிறோம். அடுத்த செக்கப்புக்கு அந்த நோட்டையும் எடுத்து வருகிறோம்.