பழைய கிரேக்கக் கதை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுக் கதை கிடைக்காமல்தான் நாடக ஆசிரியர்கள் கிரேக்கப் புராணத்துக்குப் போகிறார்கள் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நேராகச் சொன்னால் ஆபத்து என்கிற விஷயத்தைச் சொல்ல அது ஒரு வழி. 1944-இல் பாரிஸ் ஜெர்மன் படையின் பிடியில் இருந்தபோதே பிரெஞ்சு நாடக ஆசிரியர் ழான் அனூயின் ‘ஆன்டிகனி’ என்ற கிரேக்கப் புராண நாடகம் தணிக்கையைத் தாண்டி மேடையேறியது. மன்னனின் ஆணையை மீறிச் சகோதரனை அடக்கம் செய்யத் துணியும் பெண்ணின் கதை அந்த ஊரில் அந்த நேரத்தில் என்ன பேசியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையிலும் கைதிகள் இதே கதையை நடித்தார்கள், மண்டேலா மன்னன் கிரியோனாக நடித்தார்!

அப்புறம், முடிவு எல்லோருக்கும் முன்பே தெரியும். அதனால் ‘என்ன நடக்கும்’ என்பது போய் ‘ஏன் இப்படி நடக்கிறது’ என்று கவனிக்கிறோம். கிரேக்கர்களே இதைத்தான் செய்தார்கள். மெலோஸ் தீவின் ஆண்களை ஏதென்ஸ் கொன்று பெண்களை அடிமையாக்கிய சில மாதங்களில், கி.மு. 415-இல், நாடக ஆசிரியர் யூரிப்பிடீஸ் அதே ஏதென்ஸ் மக்கள் முன், பழைய புராணப் போரில் கிரேக்கர்களிடம் தோற்றுப்போன டிராய் நகரப் பெண்களை மேடையில் அழ வைத்தார். எவ்வளவு துணிச்சல்!

வெறும் பெயர்களை மட்டும் கடன் வாங்கும் நாடகங்களும் உண்டு, அவை எனக்குப் பிடிப்பதில்லை. ஆகவே விமர்சனம் எழுதுபவர்கள் மூலக்கதையைச் சுருக்கிச் சொல்வதோடு நிறுத்தாமல், நாடக ஆசிரியர் அதில் எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்றும் எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு நாடக ரசிகர்