புது பிரேக் பேடைத் தேய்த்துத் தரச் சொல்லிக் கேட்பவர்களுக்கு

வணக்கம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிற அவசரத்தில் நிறைய பேர் எங்கள் பட்டறை வாட்ஸ்அப்பில் ஒரே விஷயத்தைக் கேட்கிறீர்கள்: "அண்ணே, புது பேட் வாங்கிட்டேன், காலிப்பர்ல நுழைய மாட்டேங்குது, கிரைண்டர்ல கொஞ்சம் தேய்ச்சுத் தர முடியுமா?" முடியாது. நீங்களும் வீட்டில் தேய்க்காதீர்கள். (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கில் பேடை அழுத்திப் பிடிக்கும் பாகம்தான் காலிப்பர்.)

பெரும்பாலும் பேட் சரியாகத்தான் இருக்கும். பழைய பேட் தேயத் தேய, காலிப்பருக்குள் இருந்து பேடைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வந்து நிற்கும், அதைக் கடைசி வரை உள்ளே தள்ளாமல் புது பேட் எப்படி நுழையும்? பழைய பேடையே பிஸ்டன் மேல் வைத்து ஜி-கிளாம்ப் (திருகி இறுக்கும் இடுக்கி) போட்டு மெதுவாக இறுக்குங்கள். அப்போது பிரேக் எண்ணெய் மேலே டப்பாவுக்கு ஏறும், நிறைந்திருந்தால் வழிந்து கார் பெயிண்டைத் தின்றுவிடும், அதனால் மூடியைத் திறந்து வைத்து ஒரு கண் அங்கேயும் இருக்கட்டும். பின் சக்கர டிஸ்க்கில் ஹேண்ட் பிரேக்கும் காலிப்பரோடு சேர்ந்திருந்தால் பல கார்களில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும், கிளாம்ப் போட்டு அழுத்தினால் காலிப்பரே போய்விடும். எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் என்றால் தொடவே வேண்டாம், கொண்டு வாருங்கள்.

பிஸ்டன் முழுதாகப் போயும் நுழையவில்லையா? பேட் உட்காரும் இடத்தில் இருக்கும் மெல்லிய தகட்டுக் கிளிப்பைக் கழற்றிப் பாருங்கள். பினாங்கு கடல் காற்றுக்கு அதன் அடியில் துரு கட்டி, கிளிப்பையே மேலே தூக்கியிருக்கும். கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டினால் சரியாகிவிடும். பேடின் இரு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் காதில் பெயிண்ட் தடிப்பாக இருந்தால் அரத்தால் லேசாக எடுக்கலாம், அதை நாங்களும் செய்வோம். பேடின் முதுகில் ஒட்டியே வந்த ஷிம்மின் (மெல்லிய தகடு) மேல் பழைய ஷிம்மையும் மாட்டியவர்கள் உண்டு, அதையும் பாருங்கள். இவ்வளவுக்கும் பிறகு நுழையாவிட்டால் அது உங்கள் காருக்கான பேடே இல்லை, ஆன்லைனில் வாங்கியிருந்தால் பார்ட் நம்பரைச் சொல்லி மாற்றிக் கேளுங்கள்.

தேய்த்தால்தான் என்ன என்கிறீர்களா? புது பேடில் பிடிக்கிற பகுதி பொதுவாக 10 மில்லிமீட்டர், கொஞ்சம் முன்னே பின்னே. 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றச் சொல்கிறோம். கையால் தேய்த்தால் ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய என்றுதான் வரும், பேட் டிஸ்க்கில் முழுதாகப் படியாது, கீச்சென்று கத்தும். கிரைண்டர் சூட்டில் உள்ளே எல்லாவற்றையும் ஒட்டிப் பிடிக்கும் ரெசின் என்ற பசை கருகி மேல்பகுதி கண்ணாடி மாதிரி வழுக்கிவிடும். அந்த பேடோடு மலைச் சாலையான துன் சார்டோன் சாலையில் பாலிக் பூலாவ் பக்கம் இறங்கிப் பாருங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். பின்னால் உள்ள இரும்புத் தகட்டைத் தேய்ப்பது அதைவிட மோசம், பிஸ்டன் தள்ளுகிற தள்ளில் தகடு வளைந்துவிடும்.

அப்புறம் தூசு. மலிவு பேடிலும் பழைய ஸ்டாக்கிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அது நுரையீரலில் தங்கி, பல வருடங்கள் கழித்துப் புற்றுநோயாக வரலாம். பிள்ளைகள் ஓடியாடுகிற போர்ச்சில் அதைப் பறக்க விடலாமா? பழைய பேடைக் கழற்றும்போதுகூட காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

மாட்டி முடித்ததும் கார் நகரும் முன் பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முதல் மிதி தரை வரை போகும்.

ஏற்கெனவே தேய்த்து மாட்டியவர்கள் அதோடு ஊருக்குக் கிளம்ப வேண்டாம். பேடையும் அதன் பெட்டியையும் எடுத்து வாருங்கள், பொருத்திப் பார்க்கக் காசு வாங்க மாட்டோம். தீபாவளிக்கு முந்தின நாள் மதியம் வரை கடை திறந்திருக்கும்.