புரூக்ஸ் கப்பலின் படம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அடிமை வணிகம் பற்றிய கட்டுரைகளுடன் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக ஏற்றிச் சென்ற ‘புரூக்ஸ்’ என்ற பிரிட்டிஷ் கப்பலின் அச்சுப்படத்தைப் பெரும்பாலும் அஞ்சல்தலை அளவுக்குச் சுருக்கியே வெளியிடுகிறார்கள். அப்போது அதிலுள்ள மனிதர்கள் வெறும் கோடுகளாகிவிடுகிறார்கள். இங்கிலாந்தின் பிளிமத் நகரில் அடிமை வணிக எதிர்ப்பாளர்கள் முதலில் அச்சிட்டு, 1789-இல் லண்டனிலிருந்த எதிர்ப்புக் குழுவினர் விரிவாக்கிய அப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஆண்கள் இருவர் இருவராகக் கணுக்காலில் விலங்கிடப்பட்டுக் கிடப்பது தெரியும். ஓர் ஆணுக்கு ஆறடி நீளமும் பதினாறு அங்குல அகலமுமே இடம். இதுவும் 1788-ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் சட்டம் இக்கப்பலுக்கு 454 பேர் என வரம்பு விதித்த பிறகு போட்ட கணக்குதான். அதற்கு முன்பு இதே கப்பல் 600-க்கும் மேற்பட்டோரை ஏற்றிச் சென்றிருக்கிறது. அக்கப்பலில் மருத்துவராகப் பணியாற்றிய தாமஸ் டிராட்டர், கரண்டிகளை அடுக்குவதுபோல் அவர்களை ஒருவரோடு ஒருவர் ஒட்டிப் படுக்கவைத்ததாகப் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். கப்பலுக்குப் பெயர் உண்டு, மருத்துவருக்குப் பெயர் உண்டு; படத்தில் கிடப்பவர்களில் ஒருவருக்கும் பெயரில்லை என்பதுதான் என் மனத்தை அறுக்கிறது. எனவே, அடுத்த முறை இப்படத்தை வெளியிடும்போது, தாங்கள் அதற்கு அரைப்பக்கமாவது ஒதுக்கி, இந்த அளவுகளையும் டிராட்டரின் சாட்சியத்தையும் படக்குறிப்பில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்