பொருநை பிறக்கும் காட்டின் காற்று

ஐயா,

தாமிரபரணி நீரின் தூய்மை பேசப்படும் அளவுக்கு, அது பிறக்கும் பொதிகை மலைக்காட்டின் காற்று பேசப்படுவதில்லை. வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள், ஆவியாகும் கரிமச் சேர்மங்களுடன் வெயிலில் வினைபுரிவதால் உருவாகும் ஓசோன், இலைத்துளைகள் வழியே நுழைந்து ஒளிச்சேர்க்கையைக் குறைக்கிறது. கல்குவாரித் தூசியோ அத்துளைகளையே அடைத்துவிடுகிறது. நம் அடுக்களைக்கு வரும் கல்பாசியும் அதன் இனத்தவையும் வேரின்றி, நீரையும் சத்தையும் பெரும்பாலும் காற்றிலிருந்தே பெறுவதால், கந்தக டை ஆக்சைடு மிகுந்த இடங்களில் முதலில் மறைபவற்றில் அவையும் உண்டு. எனவே அவற்றைக் கணக்கெடுப்பது செலவு குறைந்த சோதனை. என் கருத்தில் மிக அவசரமானதும்கூட. 1988-இல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறை காப்பகத்தில், புலிகளை எண்ணும் அதே அக்கறையோடு இவற்றையும் எண்ண வனத்துறை முன்வர வேண்டும். பாபநாசம், மணிமுத்தாறு அடிவாரங்களில் காற்றின் தரத்தை ஆண்டு முழுவதும் அளந்து வெளியிட மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்பாசமுத்திரம்.