சிங்கள வகுப்பு எடுக்கிற சேர்மார், ரீச்சர்மாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். வன்னியில அரச உத்தியோகத்தருக்கு இரண்டாம் மொழி வகுப்பு எடுக்கிற உங்கள் எல்லாருக்கும் இதை எழுதுறன். நானும் அப்பிடி ஒரு வகுப்பில இருந்து சோதினை பாஸ் பண்ணின ஆள்தான். பாஸ் பண்ணி மூண்டு மாசம் போகேல்ல, அம்மாவைக் காட்ட வெளி மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒண்டுக்குப் போனன், எப்ப தொடங்கின காய்ச்சல் எண்டு டொக்டர் சிங்களத்தில கேட்டவர், கேள்வி வடிவா விளங்குது, முந்தநாள் எண்டு சொல்ல வாயில சொல்லு வரேல்ல. பெரேதா. வகுப்பில தந்த போட்டோகொப்பியில இருந்த சொல்லுத்தான், நான் கோடு கூட போட்டு வச்சிருந்தன்.

ஒரு நாளில அறுபது சொல்லு, அடுத்த கிழமை வேற அறுபது, பழசை ஒருத்தரும் திருப்பிக் கேக்கிறேல்ல. மறக்காம என்ன செய்யும்? எபிங்ஹாஸ் எண்ட ஜெர்மன்காரர் தன்னையே சோதிச்சுப் பாத்து 1885இலயே எழுதிட்டார், படிச்சதில பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளயே போயிடும், பேந்துதான் மெல்லமெல்லமா குறையும் எண்டு.

இப்ப நான் அன்கி எண்ட ஆப் பாவிக்கிறன், ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை எண்டு நாங்கள் செய்யிற கார்டை நாள் விட்டுத் திருப்பித்திருப்பிக் கேக்கும். அன்ட்ரொய்ட் ஃபோனுக்கு காசில்லை, கார்டை ஒருக்கா ஏத்தினாப் பிறகு நெட்டும் தேவையில்லை, எங்கட பக்கம் சிக்னல் இருக்கிற சீத்துவத்துக்கு இது பெரிய விசயம். சரியாச் சொன்ன கார்ட் நாளைக்கு வரும், பிறகு மூண்டு நாலு நாளால, பிறகு பத்து நாளால, ஒரு மாசத்தால எண்டு தள்ளித்தள்ளிப் போகும், பிழைச்சா திரும்ப முதலில இருந்து. ஒரு நாளைக்கு புதுசு பத்துத்தான், மாங்குளத்தில பஸ் ஏறினா கிளிநொச்சி வாறதுக்குள்ள முடிஞ்சிடும்.

ஆனா ஒண்டு, சிங்களச் சொல்லைத் தமிழ் எழுத்தில மட்டும் எழுதித் தராதேங்கோ. மரமும் கஹ, மஞ்சளும் கஹ எண்டுதான் என்ர கொப்பியில கிடக்கு! சிங்களத்தில அந்த முதல் எழுத்தும் வேற, சத்தமும் வேற, எங்கட எழுத்தில அது காட்டேலாது. நான் ஆறு மாசமா ரெண்டையும் ஒரே மாதிரித்தான் சொல்லிக்கொண்டு திரிஞ்சன். கார்டில சிங்கள எழுத்து இருக்கோணும், பக்கத்தில உங்கட குரல் இருக்கோணும், தனிச் சொல்லா இல்லாம ஒரு சின்ன வசனமா இருக்கோணும்.

ஸ்மார்ட் ஃபோன் இல்லாதவைக்கும் வழி இருக்கு. லைட்னர் எண்டவர் 1972இல சொன்ன பெட்டி முறை, ஒரு சப்பாத்துப் பெட்டியை அஞ்சாப் பிரிச்சு, சொல்லு எழுதின மட்டைத் துண்டு போட்டாக் காணும், சரியாச் சொன்ன மட்டை அடுத்த பிரிவுக்குப் போகும், பிழைச்சது முதல் பிரிவுக்குத் திரும்பும், பின்னுக்கு இருக்கிற பிரிவை இடைக்கிடைதான் பாக்கிறது, ஒட்டுசுட்டான் நெடுங்கேணிப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கும் செய்யலாம்.

நான் கேக்கிறது வகுப்பு தொடங்க முதல் பத்து நிமிசம் பழைய சொல்லுக்கு, அவ்வளவுதான். நான் தமிழ் சிங்களத்தில செய்த கார்ட் அறுநூறுக்கு மேல இருக்கு, சும்மா தாறன். பிழை இருந்தாத் திருத்தி, உங்கட குரலில வாசிச்சுப் பதிஞ்சு, அடுத்த பட்ச் பிள்ளையளுக்கு குடுங்கோ. கஹ ரெண்டையும் முதலில பதியுங்கோ.