காசு கேட்காமல் எங்கள் ரவுட்டரைச் சரிசெய்து தந்தவர்களுக்கு

ரவுட்டரை இயக்கும் இலவச மென்பொருளான ஓப்பன் டபிள்யூஆர்டியை எழுதியவர்களுக்கும், அதை எங்கள் ரவுட்டருக்குள் ஏற்ற உதவியவர்களுக்கும் வணக்கம்.

இதைப் படிக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் பலருக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. அதனால் நன்றியை முதலிலேயே சொல்லிவிட்டு, அப்புறம் விஷயத்துக்கு வருகிறேன். தென்காசி பக்கத்தில் நாங்கள் நடத்தும் மாலைநேர டியூஷன் மையத்தில் இப்போது கணக்கு சாரின் குரல் அறுபடாமல் கேட்கிறது. அதற்கு நீங்கள்தான் காரணம். ரொம்ப நன்றி.

சார் ஓய்வுபெற்ற ஆசிரியர். திருநெல்வேலியில் தன் வீட்டில் இருந்தபடியே வீடியோவில் பாடம் எடுக்கிறார். ஆறு மணிக்குப் பிள்ளைகள் வந்து சேர்ந்ததும் அவரவர் போன் வைஃபையைப் பிடித்துக்கொள்ளும். எடுத்த படங்களையெல்லாம் அது தானாகவே மேலே ஏற்ற ஆரம்பிக்கும். உடனே சாரின் வாய் அசையும், சத்தம் வராது. இணைய இணைப்பு தந்தவர்கள் பெரிய பிளானுக்கு மாறச் சொன்னார்கள். மாறினோம். காசு கூடியது, குரல் அறுபடுவது குறையவில்லை.

சிக்கல் வேகத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது என்பதை உங்கள் குறிப்புகளைப் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். மெமரி மலிவாகிவிட்டதால் ரவுட்டருக்கும் மோடத்துக்கும் உள்ளே பெரிய பெரிய பஃபர்களை, அதாவது தகவல் காத்திருக்கும் இடங்களை வைத்துவிட்டார்கள். போன் தள்ளுகிற படங்கள் அதில் போய் நிரம்பிவிடும். சாருடைய வகுப்பின் சின்னச் சின்ன பாக்கெட்டுகள் (தகவல் துண்டுகள்) பின்னால் நின்று காய்ந்துகொண்டிருக்கும். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் இந்த நோய்க்கு 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்தார். 2012-ல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் அதற்கு 'கோடெல்' என்ற வைத்தியத்தை வெளியிட்டார்கள். எரிக் டூமாசே அதை வளர்த்து 'எஃப்கியூ-கோடெல்' என்று, ரவுட்டர்களிலும் கணினிகளிலும் ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸுக்குள் சேர்த்தார். ஜெராக்ஸ் கடையில் ஒருவர் ஐந்நூறு பக்க ஆய்வேட்டோடு நிற்கிறார், நீங்கள் ஒற்றை ரேஷன் கார்டு நகலுக்காக நிற்கிறீர்கள். நல்ல கடைக்காரர் உங்கள் ஒரு தாளை நடுவில் போட்டு எடுத்துத் தந்துவிடுவார் இல்லையா, அந்த வேலையைத்தான் இந்த நிரல் செய்கிறது. ஆய்வேட்டுக்காரருக்கு நட்டம் எதுவும் இல்லை.

இந்த வைத்தியத்தை வீட்டு ரவுட்டர்களில் கொண்டுவந்து சேர்க்க அலையாய் அலைந்தவர் டேவ் டாட். 2025 ஏப்ரல் 1 அன்று அவர் காலமாகிவிட்டார். இந்த மடலை அவர் பார்க்க வழியில்லை. ஆனாலும் அவர் பெயரைச் சொல்லாமல் எழுதினால் நன்றி கெட்டவன் ஆவேன். நிகராகுவாவில் இருந்தபோது மோசமான வைஃபையோடு மல்லுக்கட்டியவர் அவர். கெட்டிஸோடு சேர்ந்து பஃபர்புளோட் திட்டத்தைத் தொடங்கினார். புதிய யோசனைகளைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே 'செரோடபிள்யூஆர்டி' என்று ஓப்பன் டபிள்யூஆர்டியின் ஒரு கிளையை நடத்தினார். சோதனையில் தேறியவை எல்லாம் தாய்த் திட்டத்துக்கே திரும்பிப் போயின. நினைத்திருந்தால் அவற்றை ஒரு பெட்டியில் அடைத்து விற்றிருக்கலாம். ஆனால் அப்படி விற்றால் வாங்குகிற சில ஆயிரம் பேருக்கு மட்டும்தான் இணையம் சரியாகும். எல்லா வீட்டிலும் வரிசை சரியாக வேண்டும் என்றால் நிரல் எல்லாருடைய கைக்கும் போயாக வேண்டும். இன்று பல லினக்ஸ் கணினிகளில் யாரும் கேட்காமலேயே எஃப்கியூ-கோடெல் ஓடிக்கொண்டிருக்கிறது.

"இவ்வளவு நல்ல சாமானை ஏன் சும்மா தருகிறார்கள்? உள்ளே ஏதாவது வில்லங்கம் இருக்குமோ?" என்று எங்கள் மையத்துக்கு வரும் ஒரு அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

2002 டிசம்பரில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரை விற்கத் தொடங்கியது. நீலமும் கறுப்புமாக, பின்னால் இரண்டு கொம்பு வைத்த பெட்டி. அதற்குள் ஓடுவது லினக்ஸ், ஆனால் நிரலைத் திறந்து பகிரச் சொல்லும் லினக்ஸின் ஜிபிஎல் உரிமம் கேட்கிறபடி மூலநிரலைத் தரவில்லை என்று 2003 ஜூனில் ஆண்ட்ரூ மிக்லாஸ் வெளிப்படையாக எழுதினார். அழுத்தம் கூடியது. நிறுவனம் நிரலை வெளியிட்டது. அந்த ரவுட்டரில் இணைப்பைச் சோதிக்க 'பிங்' என்று ஒரு கட்டம் உண்டு. முகவரி எழுத வேண்டிய அந்த இடத்தில் கட்டளையை எழுதினால் ரவுட்டர் அப்படியே கீழ்ப்படியும் என்று கண்டுபிடித்தார்கள். அந்த ஓட்டை வழியாக 'பூட்-வெயிட்' என்ற அமைப்பை மாற்றிவிட்டால், பெட்டி ஒவ்வொரு முறை உயிர்பெறும்போதும் சில விநாடி காத்திருந்து, "புது ஃபர்ம்வேர் (பெட்டியை இயக்கும் மென்பொருள்) ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கும். 2004 ஜனவரியில் இங்கிருந்துதான் ஓப்பன் டபிள்யூஆர்டி கிளம்பியது.

விற்றுப் பார்த்தவர்களும் இருந்தார்கள். ஸ்வீசாஃப்ட் என்ற நிறுவனம் அதே ரவுட்டருக்கு நல்ல ஃபர்ம்வேர் செய்து, ஆண்டுக்கு 20 டாலர் சந்தா வாங்கியது. சந்தா கட்டினால் புதிய பதிப்புகள் முதலில் கிடைக்கும். வெளியே பகிர்ந்தால் சந்தா ரத்து. தொகை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அந்த ஃபர்ம்வேரின் அடித்தளமே ஊரார் எழுதிக் கொடுத்த லினக்ஸ். அதன் மேல் பூட்டுப் போட்டால் சும்மா விடுவார்களா? பெரிய சண்டை ஆனது. அவர்களுடைய ஒரு பதிப்பை வைத்துக்கொண்டே செபாஸ்டியன் கோட்ஷால் 2005-ல் டிடி-டபிள்யூஆர்டி என்ற இன்னொரு ஃபர்ம்வேரைத் தொடங்கி எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார். இன்று ஸ்வீசாஃப்ட் பெயரைச் சொன்னால் பழைய ஆட்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே இவர்கள் எல்லாரும் துறவிகள் என்று நான் சொல்ல வரவில்லை. உரிமம் ஒரு பக்கம் கட்டிப்போடுகிறது. இன்னொரு பக்கம் லாபநட்டக் கணக்கு. தனி ஆள் ஒருவர் ஒரு ரவுட்டரைத் திருத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திருத்தத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டால், லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் மாறும்போதெல்லாம் அவரே உட்கார்ந்து மறுபடி ஒட்டவைக்க வேண்டும். தாய்த் திட்டத்தில் சேர்த்துவிட்டால் மற்றவர்களும் சேர்ந்து பார்த்துக்கொள்வார்கள். தன்னிடம் இல்லாத நூற்றுக்கணக்கான மாடல்களில் வேறு யாரோ சோதித்துப் பிழையைச் சொல்வார்கள். விற்றால் என்ன நடக்கும்? வாங்கியவர் ராத்திரி பதினொரு மணிக்கு போன் போட்டு "வைஃபை வரல" என்பார். எனக்கென்னவோ பாதிப் பேர் அந்த போனுக்குப் பயந்துதான் இலவசமாகத் தருகிறார்கள் என்று தோன்றுகிறது.

விளையாட்டுக் குணமும் கலந்திருக்கிறது. பழைய பதிப்புகளுக்கெல்லாம் மதுக்கலவைகளின் பெயர். 'ஒயிட் ரஷ்யன்' பதிப்பில் உள்நுழைந்தால் முதல் திரையிலேயே வோட்கா எவ்வளவு, கலுவா எவ்வளவு, மேலே கிரீம் எவ்வளவு என்று செய்முறை வரும். டியூஷன் மையத்தில் இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியாது. நல்லவேளையாக இப்போது பதிப்புகளுக்கு வெறும் எண்தான்.

பணம் வாங்குவதை இவர்கள் பாவமாக நினைப்பதும் இல்லை. 2024 நவம்பரில் 'ஓப்பன் டபிள்யூஆர்டி ஒன்' என்று தங்களுக்கென்றே ஒரு ரவுட்டரை வெளியிட்டார்கள். தயாரிப்பது பனானா பை என்ற வன்பொருள் தயாரிப்பாளர். விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் 10 டாலர் திட்டத்தின் நிதிக்குப் போகிறது. ஃபர்ம்வேர் பழுதானால் ஒரு சுவிட்சைத் தள்ளி, வேறொரு சிப்பில் இருந்து அதைக் கிளப்பிவிடலாம். பெட்டியை விற்கிறார்கள், நிரலைப் பூட்டவில்லை. எனக்கு இது சரியாகவே படுகிறது.

இனி உள்ளூர் நன்றிகள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு முதலில். யாரோ தூக்கிப் போட இருந்த ஆர்ச்சர் சி7 ரவுட்டரை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். ஃபர்ம்வேர் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. திரும்பி வந்தபோது பெட்டி செத்த மாதிரி கிடந்தது. அண்ணன் அலட்டிக்கொள்ளவே இல்லை. லேப்டாப்பைக் கேபிளில் இணைத்து, அதற்கு 192.168.0.66 என்று முகவரி கொடுத்தார். ஃபர்ம்வேர் கோப்புக்கு அந்த ரவுட்டர் எதிர்பார்க்கிற பெயரை எழுத்துப் பிசகாமல் வைத்தார். சிம் எடுக்கிற ஊசியால் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பவரைப் போட்டார். டபிள்யூபிஎஸ் விளக்கு எரிந்ததும் கையை எடுத்தார். ரவுட்டர் கோப்பைத் தானே இழுத்துக்கொண்டு மறுபடி எழுந்தது. அந்த முகவரியும் கோப்பின் பெயரும் பெட்டியோடு வரும் கையேட்டில் கிடையாது. ஏதோ ஒரு நாட்டில் யாரோ தோண்டி எடுத்து, அடுத்தவனுக்கு ஆகும் என்று எழுதி வைத்த விவரம். அவருக்கும் நன்றி. அண்ணன் கூலியாக டீ மட்டும் வாங்கிக்கொண்டார், அதற்கும் சண்டை போட வேண்டியிருந்தது.

அடுத்து, பாலிடெக்னிக் படிக்கும் எங்கள் பழைய மாணவிக்கு. வரிசையை ஒழுங்குபடுத்தும் 'எஸ்கியூஎம்' என்ற பகுதியை நிறுவி, அதில் 'கேக்' என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, வேக எல்லையை இணைப்பின் உண்மையான வேகத்தில் சுமார் தொண்ணூறு சதவீதத்துக்கு இறக்கி வைத்தது அவள்தான். வேகத்தைக் குறைத்தால் எப்படி நன்றாக ஓடும் என்று கேட்டேன். "வரிசை இப்ப நம்ம ரவுட்டர்ல நிக்குது சார், அவங்க மோடத்துல இல்ல. நம்ம கையில இருந்தாத்தானே நாம ஒழுங்குபடுத்த முடியும்" என்றாள். போன்கள் எல்லாம் படங்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போது முன்பு அரை விநாடிக்கு மேல் போன பிங் (ஒரு பாக்கெட் போய்ப் பதில் வர ஆகும் நேரம்), இப்போது நாற்பது மில்லி விநாடியைத் தாண்டுவதே அபூர்வம்.

பொறுமையாகக் காத்திருந்த கணக்கு சாருக்கும் நன்றி. "இப்ப கேட்குதாப்பா?" என்று கேட்டு அவருக்குப் பழகிவிட்டது, இன்னமும் பாடத்துக்கு நடுவில் கேட்கிறார்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. வீட்டுப் பரணில் பழைய ரவுட்டர் கிடந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை மையத்துக்கு எடுத்து வாருங்கள். அடாப்டரையும் மறக்காமல் கொண்டுவர வேண்டும். வருவதற்கு முன் அடியில் உள்ள ஸ்டிக்கரில் மாடல் பெயரோடு 'வெர்' என்று போட்டு ஓர் எண் இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் வரும் பெட்டிகளுக்குள் வேறு வேறு சிப் இருக்கும், தப்பான கோப்பை ஏற்றினால் வம்பு. 4 எம்பி ஃப்ளாஷ் சேமிப்பிடமும் 32 எம்பி ராமும் மட்டுமே உள்ள ரொம்பப் பழைய பெட்டிகளில் புதிய பதிப்புகள் ஏறாது, அவற்றைத் தூக்கிச் சுமக்க வேண்டாம். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். காசு வேண்டாம்.